மலையில் நான் எடுக்காத அழைப்பு

1

“பிள்ளை, தந்தையின் தந்தையாருடைய பொறுப்பில், திருகோணமலை மாவட்ட எல்லைக்குள் மட்டும் தங்கலாம். எல்லைக்கு வெளியே கொண்டுசெல்வதாயின் தாயாரின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே பெறப்படல் வேண்டும்.”

மூன்றாம் பந்தி. இதைவிடத் தெளிவாக ஒரு விதியை எழுத முடியாது என்று நினைக்கிறேன். அப்படி நினைக்க எனக்கு உரிமை உண்டு. எழுதியவன் நான்தான்.

பெற்றோர் பிரிந்திருக்கும் பிள்ளையை மூன்றாவது ஆள் ஒருவர் நோர்வேயிலிருந்து வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவதானால், ஒரு சம்மதக் கடிதம் கையில் இருப்பது நல்லது என்றார்கள். அதற்கு ஒரு பக்கத்தில் ஒரு படிவம் இருக்கிறது. பெயர், நாடு, திகதி, கையெழுத்து. நாடு என்ற இடத்தில் இலங்கை என்று எழுதினால் வேலை முடிந்தது. திருகோணமலைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலைக்காலம் முழுவதையும் கழித்து, பிரதம லிகிதராக ஓய்வுபெற்ற ஒருவனுக்கு ஒரு பக்கப் படிவம் என்பது ஏறக்குறைய ஒரு அவமதிப்பு. ஆறு பந்திகளில் ஓர் இணைப்புத் தயாரித்து அதன் பின்னால் ஊசி குத்தினேன்.

மாலினி அதைத் தன் வீட்டு வாசலில் நின்றபடியே வாசித்தாள். அவள் என் மகன் சுதனின் மனைவியாக இருந்தவள். இப்போது அப்படி இல்லை. ஆனாலும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். அதற்கு மாற்றுச் சொல் அவளுக்கும் கிடைக்கவில்லை போலும்.

“மாமா, இவ்வளவும் தேவையோ? நான் இதெல்லாம் கேட்கேல்லையே.”

“கிடக்கட்டும் பிள்ளை. பிறகு ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்க ஏலாது.”

அவள் சிரித்துக்கொண்டு கையெழுத்திட்டாள். சுதன் நோர்வேயின் வடக்கே, லொறி ஓட்டும் ஊரிலிருந்து, வாசிக்காமலே கையெழுத்திட்டு அனுப்பினான்.

பிள்ளை என்பது ஆரணி, வயது பத்து. தாயுடன் ஒஸ்லோவில் இருக்கிறாள். நான் இரண்டு பஸ் தள்ளி, ஓர் அறையும் ஒரு குசினியும் உள்ள வீட்டில் தனியே இருக்கிறேன். புதன்கிழமைகள் எனக்கு உரியவை: ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசல், பிறகு நீச்சல், பிறகு என் வீட்டில் புட்டும் முட்டைப் பொரியலும், ஏழு மணிக்குத் திருப்பி ஒப்படைப்பு. இது எந்தத் தாளிலும் இல்லை. பிரிவு ஒப்பந்தத்தில் தாய் இருக்கிறாள், தகப்பன் இருக்கிறான், பாடசாலை விடுமுறைகூட இருக்கிறது, தகப்பனின் தகப்பனான அப்பப்பா இல்லை. மாலினி தருகிறாள், எனக்குக் கிடைக்கிறது. அவள் நிறுத்தினால் மேன்முறையீடு செய்ய ஓர் இடமும் கிடையாது. இந்தக் குறிப்புகள் முழுவதும் அந்தப் புதன்கிழமைகளைப் பற்றியவைதான்.

2

ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம்: தாயே கேட்காத கட்டுப்பாட்டை இந்த மனுசன் ஏன் தன் தலையில் தானே கட்டினான்?

சண்டைக் காலத்தில் என் மேசை அனுமதிப் பத்திர மேசை. மூதூர்ப் படகான லோஞ்சில் ஏறுகிறவர்கள், கிண்ணியாவுக்குப் பாதை என்ற மிதவையால் கடக்கிறவர்கள், உள்ளே போகிறவர்கள், வெளியே வருகிறவர்கள் எல்லாரும் அதற்கு முன்னால் நின்றார்கள். எங்கே, எத்தனை நாள், எதற்கு என்ற மூன்று கேள்விகள். எனக்கு ஒரு விடயம் விளங்க அதிக நாள் எடுக்கவில்லை. பெரிதாகக் கேட்டவரின் விண்ணப்பம் மேலே போய் அங்கேயே படுத்துவிடும். சிறிதாகக் கேட்டவருக்குப் பின்னேரத்துக்குள் முத்திரை விழும். ஆகவே நான் சனங்களுக்குப் பழக்கினேன். கொட்டியாரப் பற்று என்று முழுப் பகுதியையும் எழுதாதீர்கள், மூதூர் நகரம் என்று எழுதுங்கள். ஒரு கிழமை கேட்காதீர்கள், இரண்டு நாள் கேளுங்கள். உறவினரைப் பார்க்க என்று எழுதாதீர்கள், ஒரு ஆளின் பெயரை எழுதுங்கள். சனங்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். நானும் அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

சாம்பல்தீவிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். மூதூரில் தகப்பனுக்குக் கடும் வருத்தம். நான் வழமைபோல் எழுதிக் கொடுத்தேன்: மூதூர் நகரம், இரண்டு நாள். அவர் போய் இறங்கியபோது, தகப்பனை உள்ளே ஒரு கிராமத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். நகரம் முடிகிற மதகடியில் காவலில் நின்றவன் தாளைப் பார்த்தான், மதகைப் பார்த்தான், கையால் திரும்பிப் போ என்று காட்டினான். ஆசிரியர் இரண்டு நாளும் மூதூர்ச் சந்தையடியில் இருந்துவிட்டு லோஞ்சேறினார்.

திரும்பி வந்து பத்திரத்தை என் மேசையில் வைத்தார். கோபம் ஒன்றும் இல்லை.

“பாதிதான் பாவிச்சனான், சேர்.”

நான் அதை வாங்கி, திகதியிட்டு, கோப்பில் சேர்த்தேன். அந்த முறையை மாற்றவில்லை. இப்போது எழுபத்தொரு வயதில், என் சொந்தப் பேத்திக்கும் அதே முறையில் எழுதினேன்.

3

யூலையில் வந்து இறங்கினோம். என் தங்கச்சியின் வீடு திருகோணமலை உட்துறைமுகப் பக்கம். தங்கச்சி முழங்கால் வருத்தத்தில் கதிரையை விட்டு எழும்புவதில்லை. வீட்டைக் கொண்டு நடத்துவது அவளுடைய மகள் வதனி. வதனிக்கு இரண்டு பிள்ளைகள், பன்னிரண்டும் ஒன்பதும்.

முதல் கிழமை எல்லாம் சரியாக நடந்தது. ஆரணி கோட்டைக்குள் மான்களுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்தாள். நிலாவெளிக் கடலில் மூன்று நாள் ஊறினாள். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் வெக்கை தாங்காமல் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் இருந்து படித்தாள். வதனி அதைப் பார்த்து, “அப்பப்பாவின்ர பென்சன் முழுக்கக் கரண்ட் பில்லுக்குத்தான்” என்றாள். ஆரணிக்குப் பாதி விளங்கியது. அவளுடைய தமிழ் என்னுடன் தனியே இருக்கும்போது நடக்கும். நாலு பேர் கூடினால் நொண்டும். வதனியின் பிள்ளைகள் வேகமாகக் கதைக்கத் தொடங்கியதும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் நோர்வேஜிய மொழியில் தட்டுத்தடுமாறி விளக்குவேன். உடனே அவள் என் உச்சரிப்பைத் திருத்துவாள். இப்படி ஒரு மொழிபெயர்ப்புத் திணைக்களம் நாள் முழுவதும் இயங்கியது.

பிறகு பிள்ளைகள் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்தார்கள். மாத்தளைக்கு அங்கால் மலையில் ஒரு சாகசப் பூங்கா. இந்த மலைக்கும் அந்த மலைக்கும் இடையில் இரும்புக் கயிறு கட்டி, அதில் ஆளைத் தொங்கவிட்டு அனுப்புகிறார்கள். சிப் லைன் என்று பெயர். எங்கள் சின்ன வயதில் சந்தைக்கு இறைச்சி இப்படித்தான் போகும் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

“மாமா, விடியப் போனா பின்னேரம் திரும்பலாம்,” என்றாள் வதனி. “அங்க குளிர். பிள்ளை கொஞ்சம் மூச்சு விடட்டும்.”

“மாத்தளை எந்த மாவட்டம்?”

“மாத்தளை மாவட்டம்தான். ஏன், உங்களுக்குத் தெரியாதோ?”

தெரியும். அதுதான் பிரச்சினை.

அன்று பின்னேரம் மாலினிக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன். மூன்றாம் பந்தியைக் குறிப்பிட்டு, போகும் இடம், வாகனம், கூட வருபவர்கள், திரும்பும் நேரம் எல்லாம் சொல்லி, “தங்கள் அனுமதியை எதிர்பார்க்கிறேன்” என்று முடித்தேன். அவளுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. பகல் நித்திரைக்கு நிறுத்திய தொலைபேசியை அப்படியே வேலையிடத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். படுக்கப்போகும்வரை பதில் இல்லை. விடிய நாலரைக்கு வான் வாசலில் ஹோர்ன் அடித்தபோதும் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் இப்படியான நேரத்துக்கு ஒரு வழி இருந்தது. அவசர வேலையை முதலில் செய்வது, அனுமதியைப் பிறகு எடுப்பது. கவரிங் அப்ரூவல் என்று சொல்வோம். வெள்ளம் வந்தால் படகு பிடித்துவிட்டுப் பிறகு கடிதம் எழுதுவோம், ஒருபோதும் மறுக்கப்பட்டதில்லை. ஏனென்றால் மறுப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஒரு தாயிடமிருந்தும் கவரிங் அப்ரூவல் எடுக்கலாம் என்று எண்ணிய முதல் அரச ஊழியன் நானாகத்தான் இருப்பேன்.

4

வான் கிண்ணியா ரபீக்கினுடையது. அவனுடைய வாப்பாவை எனக்குத் தெரியும். அவரும் ஒரு காலத்தில் என் மேசைக்கு முன்னால் நின்றவர்.

“வாப்பா இன்னமும் சொல்லுவாரு சேர்,” என்றான் ரபீக், கந்தளாய் தாண்டும்போது. “அவருக்கு நீங்க பாஸ் எழுதிக் குடுத்தீங்களாம், கிண்ணியாவுக்கு. ஆள் கிண்ணியாவுலதான் பொறந்து வளந்தவரு. சொந்த வீட்டுக்குப் போறதுக்குப் பாஸ்!”

“முறைப்படி அவர் அப்ப திருகோணமலையில் பதிஞ்சவர்.”

“அதத்தான் சேர் வாப்பாவும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு.”

பின்னால் பிள்ளைகள் மூவரும் விசுக்கோத்துப் பெட்டிக்கு அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இடது பக்க யன்னலால் வீதியோரத்தைப் பார்த்தபடி இருந்தேன். மாவட்ட எல்லைப் பலகை எங்கே நிற்கிறது என்பது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். அது வந்தது, நன்றி, மீண்டும் வருக என்றது, போய்விட்டது. தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறு மட்டும். அவளுக்குச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

“என்ன சேர், போர்டர் பாய்ற ஆள் மாதிரி முழிக்கிறீங்க?”

“ரபீக், அடுத்த சந்தியில் வானைக் கொஞ்சம் நிப்பாட்டும்.”

நிறுத்தினான். வதனி முன்னுக்கு எட்டிப் பார்த்தாள். “ஏன் மாமா? சத்தி வருதோ?”

திரும்பிப் போவோம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பின்னால் ஆரணி, வதனியின் சின்னவளுக்குத் தன் தொப்பியைப் போட்டுவிட்டு, முழுத் தமிழில், ஒரு நோர்வேஜியச் சொல்லும் கலக்காமல், “மலையில குளிரும், நீ இதைப் போடு” என்றாள். வந்து மூன்று கிழமையில், நாலு பேருக்கு நடுவில் அவளாகச் சொன்ன முதல் முழு வாக்கியம்.

“ஒண்டுமில்லை. தேத்தண்ணி குடிப்பம்,” என்றேன்.

5

பூங்காவில் ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு படிவம். படிவத்தில் தமிழும் இருந்தது; அதை எழுதியவர் தமிழைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். மேசையில் இருந்தது மலைநாட்டுப் பிள்ளை ஒருத்தி, இருபது வயது இருக்கும்.

“தாத்தா, இங்க ஒரு கையெழுத்து போடுங்க. பாப்பாவுக்கு.”

கீழே அச்சடித்திருந்தது: பெற்றோர் அல்லது சட்டபூர்வப் பாதுகாவலர்.

“நான் பெற்றோரும் இல்லை, சட்டபூர்வப் பாதுகாவலரும் இல்லை, பிள்ளை.”

அவள் என்னைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். “அப்போ நீங்க யாரு தாத்தா?”

“தாத்தா.”

“அது போதும்.”

வதனி சிரித்தாள். ஆரணி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “அப்பப்பா, எல்லாரும் போயினம். போடுங்கோ.” நான் போட்டேன். என் வாழ்நாளில், எனக்கு உரிமை இல்லாத ஒரு கோட்டின் மேல் நான் இட்ட முதல் கையெழுத்து அது. எழுத்து அழகாகத்தான் விழுந்தது.

தராசில் குறைந்தபட்ச நிறைக்கு மேல் ஒரு கிலோதான் ஆரணி இருந்தாள், அதுவும் சப்பாத்துடன். சப்பாத்தைக் கழற்றி நிறுக்க வேண்டாமா என்று கேட்டேன். “அப்பிடியெல்லாம் பாக்கிறதில்ல தாத்தா” என்றாள் அந்தப் பிள்ளை.

மேடை மரத்தால் ஆனது. கீழே பள்ளத்தாக்கு, தேயிலை, அதற்குக் கீழே மரங்கள், அதற்கும் கீழே ஒரு நீர்க்கோடு. கயிறு அந்தப் பக்க மலைக்குப் போய் நூலாக மெலிந்து மறைந்தது. வதனியின் மூத்தவன் போனான், சத்தமிட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தான். சின்னவள் அழுது, மாட்டேன் என்று தாயைக் கட்டிப்பிடித்தாள். நான் அவளை மனதுக்குள் வாழ்த்தினேன். பிறகு ஆரணி. இடுப்புப் பட்டியை இரண்டு பேர் இழுத்துப் பார்த்தார்கள். நான் மூன்றாவதாக இழுத்துப் பார்த்தேன். ஒருவன் என் கையை மரியாதையாக எடுத்துவிட்டான்.

அவள் போனாள். முதலில் வேகம். பாதி கடந்ததும் எதிர்க்காற்று எழுந்தது. கப்பியின் சீறல் மெலிந்தது. அவள் அந்தப் பக்க மேடைக்குக் கிட்டப்போய், மெதுவாகி, நின்று, பின்பக்கமாக வழுக்கத் தொடங்கினாள். கயிறு தொய்ந்த இடத்தில், பள்ளத்தாக்கின் சரி நடுவில், சிறிய மஞ்சள் தலைக்கவசமாகத் தொங்கி நின்றாள்.

“சின்னப் பிள்ளைங்க பல பேரு நடுவுல நின்னுருவாங்க தாத்தா,” என்றாள் மேசைப் பிள்ளை, ஓடி வந்து. “எடை பத்தாது. அண்ணன் போய் இழுத்துட்டு வந்துருவாரு. பயப்படாதீங்க.”

அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் கயிற்றில் தன்னை மாட்டிக்கொண்டு, கை மாற்றிக் கை மாற்றி அவளை நோக்கி ஊரத் தொடங்கினான். ஆரணி ஏதோ கத்தினாள். நோர்வேஜிய மொழி. காற்று அதைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து தந்தது. பதினைந்து வருடம் அந்த நாட்டில் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவன் நான். ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் என் சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது.

மாலினி. திரையில் அவளுடைய படம், மடியில் கைக்குழந்தையாக ஆரணி. ஒஸ்லோவில் விடிந்து வேலை முடிந்திருக்கும். அலுமாரியைத் திறந்து என் செய்தியைப் பார்த்திருப்பாள். எடுத்தால் முதல் கேள்வி, பிள்ளை எங்கே என்பதுதான். பிள்ளை எங்கே என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அடித்து நின்றது. திரும்ப அடித்தது. நான் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். பிறகு, பூட்டிய திரையில், ஒரு வரி விழுந்தது.

“கூட்டிக்கொண்டு போகவேண்டாம் மாமா. நான் கதைக்கும்வரை பொறுங்கோ.”

நான் அதைத் திறக்கவில்லை. திறந்தால், நான் வாசித்துவிட்டேன் என்று அவளுக்கு நீலக் கீறு விழும். திறக்காத கடிதம் கிடைக்காத கடிதம். அலுவலகத்தில் சேர்ந்த முதல் வருடமே இதைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். என் பேத்தி பள்ளத்தாக்கின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும்போதும் அந்தப் பாடம் எனக்கு மறக்கவில்லை.

பதினொரு நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றதால் தெரியும்.

6

அந்தப் பக்கத்திலிருந்து ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். முகம் சிவந்து, தலைமயிர் கலைந்து, குதித்துக்கொண்டு வந்தாள்.

“என்ன கத்தினனீ அங்கை நிண்டு?”

“சப்பாத்து கழலுது எண்டு கத்தினனான். ஒருத்தரும் கேட்கேல்லை. திரும்பப் போவமா?”

பள்ளத்தாக்கில் ஒரு நீலச் சப்பாத்தை விட்டுவிட்டு, தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். நான் மாலினிக்கு எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“மாமா, எங்க நிக்கிறியள்? எத்தினை தரம் அடிச்சனான்!”

“மாத்தளைக்கு அங்கால, பிள்ளை. வந்திட்டம். ஆரணி பக்கத்தில இருக்கிறாள்.”

“கயித்தில ஏறினவளோ?”

“ஒருக்கால். நல்லா இருக்கிறாள். பகிடி விட்டுக்கொண்டிருக்கிறாள்.”

 அவளாகவே கேட்டாள். “அங்க சிக்னல் இல்லையோ?”

அவள் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றதுபோல இருந்தது. நான் செய்ததெல்லாம் உள்ளே நுழைந்ததுதான்.

“ஓம். மலைதானே.”

“சரி மாமா. சிக்னல் இல்லாட்டி நீங்கள் என்ன செய்யிறது. எனக்குத்தான் பயம். அவளிட்டைக் குடுங்கோ.”

முடிந்துவிட்டது. கவரிங் அப்ரூவல் கிடைத்துவிட்டது. வதனி என் முகத்தைப் பார்த்து, “பார்த்தியளே, சும்மா பயந்தனீங்கள்” என்று ஒரு வடையை என் பக்கம் தள்ளினாள். ஆரணி தாயுடன் நோர்வேஜிய மொழியில் மழையாகப் பொழிந்தாள்; எனக்கு விளங்கியவரையில் முழுவதும் சப்பாத்தைப் பற்றியது.

வான் மலை இறங்கும்போது மற்றப் பிள்ளைகள் நித்திரை. ஆரணி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“அப்பப்பா, நான் ஏற முதல் உங்கட போனில வீடியோ எடுத்தனான். அம்மாவுக்கு அனுப்பப் பார்த்தனான், அதுக்குள்ள கூப்பிட்டிட்டினம். சிக்னல் நாலு கோடு இருந்தது.”

நான் வெளியே பார்த்தேன்.

“அந்த வீடியோவை அழிச்சிட்டன்,” என்றாள். “அம்மாவுக்கு நான் சொல்லமாட்டன்.”

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து, சரியாக ஒரு நிமிடத்தில் நித்திரையாகிவிட்டாள். எனக்கு எங்கள் அலுவலகத்துச் சின்ன லிகிதர்கள் ஞாபகம் வந்தார்கள். மேலதிகாரி பிழைவிட்டால், கேட்காமலே தாளை உருவி எடுத்துவிடுகிறவர்கள். அவர்களை நான் நல்ல பிள்ளைகள் என்று நினைத்திருந்தேன்.

7

அதற்குப் பிறகு இருந்த ஒன்பது நாளும் கடல் என் கண்ணில் படவில்லை. துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது என்று தங்கச்சி காட்டுவாள். ஓம் ஓம் என்பேன். ஆரணி என்னோடு முன்னையைவிட ஒட்டிக்கொண்டாள். மாலினி தொலைபேசியில் மலையைப் பற்றி எதையாவது கேட்கும் நேரமெல்லாம் அவள் என்னை ஒரு தரம் பார்ப்பாள், பிறகு கதையை மாற்றுவாள். மிகக் கெட்டித்தனமாக மாற்றினாள். பத்து வயதுக்கு அது நல்ல கெட்டித்தனம் அல்ல.

ஆறாம் நாள் உட்கார்ந்து மாலினிக்குக் கடிதம் எழுதினேன். நடந்தது நடந்தபடி. எல்லையை எந்த இடத்தில் தாண்டினோம், எந்தக் கோட்டின் மேல் கையெழுத்திட்டேன், பிள்ளை எத்தனை நிமிடம் நின்றாள். ஏழாவது பந்தியில்: அழைப்பு வந்தது, கேட்டது, எடுக்கவில்லை, செய்தியை வாசித்தேன், திறக்கவில்லை, சிக்னல் இருந்தது. எட்டாவதில்: இதை ஆரணி அறிவாள், எனக்காக மறைக்கிறாள், அவளை ஏசவேண்டாம், மறைக்கப் பழக்கியவன் நான்.

வதனி நாலு தாளையும் வாசித்தாள்.

“மாமா, இது மன்னிப்புக் கடிதமோ, ஆண்டறிக்கையோ? பந்திக்கு இலக்கம் வேற.”

“இலக்கம் இல்லாட்டி எனக்கு எழுத வராது.”

“அவ நம்பி, கோவமும் ஆறி, கதை முடிஞ்சுது. இப்ப போய் ஏன் கிளறுறியள்? அந்தப் பிள்ளையை உங்களிட்டை விடாட்டி என்ன செய்வியள்? அந்தக் குளிருக்குள்ள தனிய இருந்து என்ன செய்வியள்?”

“தெரியாது.”

“உங்களுக்குத் தெரியாத ஒண்டும் இருக்கோ?” என்று அவள் கேட்டதில் பகிடி பாதிதான் இருந்தது.

சுதனுக்கும் சொன்னேன். அவன் கத்தினான். “அப்பா, அவள் நாளைக்கு இதை வக்கீலிட்டைக் காட்டினா? உங்களை ஆர் எழுதச் சொன்னது?” ஒருவரும் சொல்லவில்லை. முதல் இணைப்பையும் எழுதச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லைதான். ஆனால் அது நான் தப்புவதற்காக எழுதியது.

ஒஸ்லோ விமான நிலையத்தில் மாலினி நின்றாள். ஆரணி ஓடிப்போய்த் தொங்கினாள். நான் கடித உறையை நீட்டினேன்.

“என்ன மாமா, திரும்பவும் இணைப்போ?” என்று சிரித்தபடி வாங்கினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது உறையைப் பிடுங்கி எடுக்க வேண்டும்போல் இருந்தது. ஆரணி உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விளங்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அவளுடைய முகம் சுருங்கியது. நான் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்பதுபோல.

8

பாடசாலை தொடங்கிய கிழமை, செவ்வாய்க்கிழமை, மாலினி எழுதினாள்: “இந்தப் புதன் வரவேண்டாம் மாமா. நான் ஒழுங்கு செய்திட்டன்.” அவ்வளவுதான். அடுத்த கிழமை அதுகூட இல்லை.

புதன்கிழமை என்பது ஒரு பழக்கம். பன்னிரண்டரைக்குக் கால் தானாகச் சப்பாத்தைத் தேடும். நான் அரிசிமாவை வறுத்தேன், ஒருவருக்கு அளவாகப் புட்டு அவித்தேன், யன்னலடியில் இருந்து ஒன்றரை மணியைக் கடத்தினேன். நீச்சல் தடாகம் என் பஸ் போகும் வழியில் இருக்கிறது. அதனால் வேறு பஸ்ஸில் சந்தைக்குப் போனேன். மூன்றாம் புதன் ஆரணியிடமிருந்து என் தொலைபேசிக்கு ஒரு மீன் படம் வந்தது. சொல் ஒன்றும் இல்லை, மீன் மட்டும். தாய்க்குத் தெரியாமல் அனுப்பியிருப்பாளோ என்ற ஐயத்தில் நான் பதில் அனுப்பவில்லை. அன்று முழுவதும் அந்த மீனைத் திறந்து திறந்து பார்த்தேன்.

அம்மாதம் தபால்பெட்டியில் எனக்குச் சாதாரணமாக வருகிற கடிதங்கள் எல்லாம் வந்தன. கண் பரிசோதனைக்கான திகதி. குப்பை பிரிக்கும் புதிய முறை பற்றிய அறிவித்தல். ஒவ்வொரு வெள்ளை உறையையும் திறக்குமுன் வக்கீலின் பெயர் இருக்கிறதா என்று மூலையைப் பார்த்தேன். இந்த நாட்டில் எதற்கும் இத்தனை கிழமைக்குள் பதில் வரவேண்டும் என்று ஒரு காலக்கெடு உண்டு. பதில் வராவிட்டால் நினைவூட்டல் கடிதம் எழுதலாம். நான் இரண்டு தரம் அதை எழுதத் தொடங்கினேன். “எனது கடிதம் தொடர்பாக” என்றதற்கு மேல் போகவில்லை. நான் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. கேட்கும் உரிமையும் அவளுடையது, மறுக்கும் உரிமையும் அவளுடையது.

சுதன் கிழமைக்கொரு தரம் எடுத்து, “ஏதும் சொன்னவளோ?” என்பான். இல்லை என்பேன். ஐந்தாம் கிழமை அவன் கேட்பதை விட்டுவிட்டான். அது கேட்டதைவிட மோசமாக இருந்தது.

ஏழு புதன்கள் போயின.

பிறகு ஒரு நாள் காலை, குசினியில் கோப்பை கழுவும்போது தொலைபேசி ஒருமுறை துடித்தது. கையைத் துடைக்காமலே எடுத்தேன். திறந்து வாசித்தேன், அவளுக்கு நீலக் கீறு உடனேயே விழுந்திருக்கும்.

“மாமா, கடிதத்தைப் பலதரம் வாசிச்சிட்டன். முதல் நாள் உங்களில கோவம். பிறகு அவளில கோவம். இப்ப இரண்டு பேரும் எனக்குப் பொய் சொல்லமாட்டியள் எண்டு நினைக்கிறன். ஆரணியும் தானாக வந்து வீடியோக் கதையைச் சொன்னவள், நான் கேட்காமலே. எனக்கு அடுத்த புதன் இரவு வேலை. நீச்சல் முடிய உங்களோட கூட்டிக்கொண்டு போங்கோ. அண்டைக்கு அவள் அங்கேயே படுக்கட்டும். நான் அடிச்சா எடுங்கோ.”

அன்று ஒக்டோபர் இரண்டாம் திகதி, வியாழக்கிழமை; புதனுக்கு இன்னும் ஆறு நாள்.